மலை எந்தப் பக்கம்?

"மலை எந்தப் பக்கம் இருக்கு, தருமண்ணே?" என்றாள் வேதா.

கிரிவலப் பாதையில் ஆட்டோ பறந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, அதற்கு முன்னால் இரண்டு மாடுகள், அதற்கும் முன்னால் எந்த அவசரமும் இல்லாத ஒரு சாமியார். எல்லாரையும் ஒரே வளைப்பில் தாண்டிவிட்டுத்தான் தருமன் பதில் சொன்னான்.

"வலது பக்கம் மேடம். நேத்தும் அங்கதான் இருந்துச்சு."

"அந்த மலை இல்ல. இந்த மலை."

பின் சீட்டிலிருந்து அவள் நீட்டிய போனில் வேறொரு மலை ஓடிக்கொண்டிருந்தது. உச்சியில் பனி. சுற்றிலும் பச்சைப் பசேலென்று புல்வெளி. குண்டு குண்டாக மாடுகள். நடுவில் கழுவி விட்டதுபோல ஒரு ரோடு.

"வண்டி ஓட்டும்போது போன் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான் போன வாரம் சொன்னீங்க."

"பாக்க வேணாம். பதில் சொன்னா போதும்."

தருமன் பார்த்தான். ஒரு இளநீர்க் குவியல் மயிரிழையில் தப்பித்தது. "அதுவும் வலது பக்கம்தான். மலைங்க எல்லாம் பேசி வெச்சிருக்கும்போல."

வேதா வீடியோவை நிறுத்தினாள். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடிக்கும் வேலை பார்த்தவள். இப்போது செங்கம் ரோட்டில் ஒரு செருப்புக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். வருகிற கேஸில் பாதி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பது. மீதி, எவ்வளவு குடிப்பார் என்பது. தருமன் அவளுக்கு உதவியாளன், டிரைவர், எதிர்க்கட்சி. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். வயதில் அவளைவிடப் பெரியவன். மேடம் என்று கூப்பிட்டு அதை ஈடுகட்டிக்கொள்வான்.

வேதாவின் பக்கத்தில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு மணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மலையடிவாரத்தில் அடி அண்ணாமலை அவள் ஊர். இன்றைய கேஸ் அவளுடையது.

"மத்தியானம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்மா," என்றாள் மணியம்மாள். "உள்ள போட்டாங்கன்னா லைசென்ஸ் போயிடும். வண்டி ஓட்டறதத் தவிர வேற ஒரு வேலையும் எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது. ஒரு ஆணி அடிக்கச் சொன்னாகூட ரிவர்ஸ்லதான் அடிப்பாரு."

அவள் வீட்டுக்காரன் வேடியப்பன். வேங்கிக்காலில் பிரகாஷ் என்பவனிடம் கார் டிரைவர். போன மாதம், அக்னி நட்சத்திர வெயில் காலத்தில், ஒரு விடிகாலையில் பிரகாஷின் கார் வேங்கிக்கால் மெயின் ரோட்டில் சந்திரம்மாளின் டீக்கடைக்குள் புகுந்தது. கடை போயிற்று. சந்திரம்மாளுக்குக் கால் எலும்பு முறிந்தது. ஆட்கள் ஓடி வந்தபோது காரில் யாரும் இல்லை.

கார் சாவி இரண்டு. ஒன்று பிரகாஷ் வீட்டு ஆணியில். அந்த வீட்டில் அவனைத் தவிர ஓட்டுகிறவர் யாரும் இல்லை என்றார்கள். இன்னொன்று வேடியப்பனிடம். பிரகாஷ் அப்போது நியூசிலாந்தில். அதற்கு ஊரே சாட்சி. தினம் ஒரு வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். வேடியப்பனைத் தேடினால் வேடியப்பன் ஊரில் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆளே இல்லை. போலீஸ் பாஷையில் அதற்குப் பெயர் தலைமறைவு.

"எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரு?"

"காசின்னாரு. முதலாளிக்குத் தெரிஞ்சவங்கள டூர் கூட்டிட்டுப் போறேன்னாரு."

"திரும்பி வந்தப்போ எப்படி இருந்தாரு?"

மணியம்மாள் யோசித்தாள். "ஒதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. ஸ்வெட்டர் போட்டுட்டு வந்தாரு. என்னய்யா இதுன்னா, காசியில குளிர்னாரு."

"மே மாசத்துல," என்றாள் வேதா.

"நான் காசிக்குப் போனதில்லம்மா."

தருமன் கண்ணாடி வழியாக வேதாவைப் பார்த்தான். "மேடம், என் கணக்கு சிம்பிள். அந்த பிரகாஷ் நியூசிலாந்துக்கே போகல. இல்லன்னா போயிட்டு நைசா திரும்பி வந்துட்டான். வீடியோவெல்லாம் எவனோ எடுத்து அனுப்பினது. டீக்கடையில வுட்டது அவன்தான். பழி இவர் மேல. இந்த ஊர்ல பெரிய மனுஷன் இடிச்சா டிரைவர்தானே இடிச்ச மாதிரி?"

"நல்ல கணக்கு."

"தேங்க்ஸ் மேடம்."

"தப்பான விடை."

*

இன்ஸ்பெக்டர் அறிவுமதி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"சந்திரம்மா கடை மூடினதுல இருந்து இந்த ஸ்டேஷன்ல ஒழுங்கா டீ இல்லம்மா. அதனால இந்தக் கேஸ்ல எனக்குத் தனிப்பட்ட முறையில கோவம் ஜாஸ்தி. சொல்லுங்க."

"வேடியப்பன் ஓட்டல சார்."

"அதை அவரே சொல்றாரு. அப்ப எங்கய்யா இருந்தேன்னு கேட்டா, காசிங்கறாரு. காசியில எங்க தங்கினேன்னா, மலையைப் பாக்கறாரு. எந்த வண்டி ஓட்டினேன்னா, மலையைப் பாக்கறாரு. ஜன்னலைச் சாத்திட்டுக் கேட்டேன். ஜன்னல் இருக்கற பக்கமே பாக்கறாரு."

"சந்திரம்மா ஆளைப் பாக்கலியா?"

"லைட்டு கண்ணைக் கூசிடுச்சாம். ஆம்புலன்ஸுக்கு யாரோ ஒரு பொம்பள போன் பண்ணியிருக்காங்க. அதுவும் கீழ கிடந்த சந்திரம்மா போன்லயே. வழியில போனவங்களா இருக்கும். பேர் சொல்லல." இன்ஸ்பெக்டர் மறுபடி டீயைப் பார்த்தார். குடிக்கவில்லை. "பிரகாஷ் சார் குடும்பத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவரு சம்சாரம் தினமும் ஆஸ்பத்திரிக்கு அவங்க கையால சாப்பாடு கொண்டு போறாங்க. டிரைவர் பண்ண தப்புக்கு எந்த முதலாளி வீட்ல இப்படிச் செய்வாங்க?"

வேடியப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உயரமான ஆள். உட்கார்ந்திருக்கும்போதே தலை சுவர்க் காலண்டரில் இடித்தது. ஜன்னலுக்கு வெளியே, மதில் சுவருக்கும் வேப்ப மரத்துக்கும் மேலே, மலை.

மணியம்மாள் கேரியரைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பாட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"கத்தரிக்கா காரக்கொழம்பு," என்றாள் அவள். "வாயத் தெறந்தா சாப்பிடலாம். பேசக்கூடச் செய்யலாம்."

வேதா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்களை ஒரு கேள்வியும் கேக்கப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு. மலையைக் காட்டிச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்களா?"

வேடியப்பன் ஜன்னலைப் பார்த்தான்.

"முடிஞ்சுது," என்றான் தருமன் முணுமுணுப்பாக. "அடி அண்ணாமலைக்காரன் மலையைக் காட்டிச் சத்தியம் பண்ணிட்டான்னா தூக்குல போட்டாலும் சொல்ல மாட்டான். என் சித்தப்பா ஒருத்தர் இனிமே பீடி குடிக்க மாட்டேன்னு மலையைக் காட்டிச் சொன்னாரு. இன்னி வரைக்கும் சிகரெட்டுதான்."

வேதா போனை எடுத்து வேடியப்பன் மடியில் வைத்தாள். "சும்மா வீடியோ பாருங்க. உங்க முதலாளி எடுத்ததுதான்."

திரையில் ரோடு ஓடியது. இரண்டு பக்கமும் நெட்டையாக மரங்கள், சுவர் கட்டியதுபோல. அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பால் லாரி எதிரே போயிற்று. ஒரு சின்னப் பாலம் வந்தது.

வேடியப்பனின் வலது கை மெல்ல எழுந்தது. கன்னத்தில் ஒருமுறை போட்டுக்கொண்டான். இடது கன்னத்தில் ஒருமுறை.

பாலம் முடிந்தது. ரோடு வளைந்தது. மரங்கள் விலகின. வலது பக்கத்தில், வானத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, அந்தப் பனி மலை வந்து நின்றது.

வேதா போனை எடுத்துப் பையில் போட்டாள்.

"போதும். சாப்பிடுங்க. ஆறிடப் போகுது." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "சார், பிரகாஷைப் பாக்கப் போறேன். நீங்களும் வந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"எப்படியும் அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். வரேன். ஆனா மத்தியானம் இவரை கோர்ட்ல நிறுத்தணும். அதுல மாத்தம் இல்ல."

வெளியே வந்ததும் தருமன் கேட்டான். "மேடம், ஒண்ணுமே நடக்கலியே உள்ள?"

"எல்லாம் நடந்துடுச்சு."

"நான் எங்க இருந்தேன்?"

"காரக்கொழம்பைப் பாத்துட்டிருந்தீங்க."

*

வேங்கிக்காலில் பிரகாஷின் வீடு புதிது. வாசல் சுவரில் கிரானைட் பலகை. அதில் 'தன்னந்தனி' என்று எழுதியிருந்தது. அது வீட்டின் பெயரும்கூட, அவன் யூடியூப் சேனலின் பெயரும்கூட. தனியாகக் கார் எடுத்துக்கொண்டு வெளிநாட்டு மலைகளிலும் கிராமங்களிலும் சுற்றி வருவது. அதை வீடியோ எடுத்து, மனிதன் ஏன் தனியாகப் பயணிக்க வேண்டும் என்று பேசுவது. இதுதான் தொழில். லட்சக்கணக்கான பேர் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

கேட்டுக்கு வெளியே ஒரு வாடகை டாக்ஸி நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"யாருக்குங்க டாக்ஸி?" என்று தருமன் அவனை எழுப்பிக் கேட்டான்.

"சாருக்கு. மெட்ராஸ்."

தருமன் வேதாவைப் பார்த்தான். "நியூசிலாந்து மலையில ஓட்டறவரு திண்டிவனம் மேட்டுல ஓட்ட மாட்டாரா?"

வேதா போர்ட்டிகோவில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பம்பர் கழன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஒரு பக்க ஹெட்லைட் இல்லை. ஒற்றைக் கண்ணோடு அது அவளைத் திரும்பிப் பார்த்தது.

"இதை யாராவது ஓட்டினீங்களா சார், நடந்ததுக்கு அப்புறம்?"

"இல்ல. கிரேன்ல தூக்கி ஸ்டேஷன்ல வெச்சோம். கோர்ட்ல எழுதிக் குடுத்துட்டு கிரேன்லயே கொண்டு வந்துட்டாங்க. ஓடற வண்டிதான். மூஞ்சிலதான் அடி," என்றார் இன்ஸ்பெக்டர்.

பிரகாஷ் அந்த வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டிருந்தான். நாற்பது வயது, மலையேறாத கால்கள், மலையேறுகிற ஷூ. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டான்.

"ஒரு டயர் கம்பெனி விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போடப் போறேன். 'தனியா போறவன் நம்பும் டயர்.' கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிக்கலாமா? வேடியப்பனுக்கு நல்ல வக்கீல் வெக்கறேன்னு முன்னாடியே சொல்லிட்டேன். ரெண்டு மாசத்துல வெளிய வந்துடுவான்."

உள்ளேயிருந்து அவன் மனைவி கீர்த்தனா மோர் கொண்டு வந்தாள். சின்ன உருவம். கதவின் தாழ்ப்பாளுக்குக் கை எட்டுவதற்கே கொஞ்சம் எம்ப வேண்டியிருக்கும். டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போகாமல் தூண் ஓரமாக நின்றாள்.

"உங்க நியூசிலாந்து வீடியோ எல்லாம் பாத்தேன் சார்," என்றாள் வேதா. "அந்த ஒத்த மலை, தரனாக்கி, ரொம்ப அழகு. மலை நடுவுல, ரோடு சுத்தி."

"என் மனசுக்குப் பிடிச்ச எபிசோட்."

"அதுக்கு முந்தின நாள் மேப் வெச்சுத் திட்டம் சொன்னீங்க. காலையில கடலோரமா கெளம்பறேன், சாயந்திரம் பால் பண்ணைப் பக்கமா திரும்பி வரேன்னு அம்புக்குறி போட்டீங்க."

"ஆமா."

"ஆனா மறுநாள் வீடியோல காலையில மாடு வருது. சூரியன் கடல்ல மறையுது. நீங்க சொன்னதுக்கு நேர் எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கீங்க."

பிரகாஷ் சிரித்தான். "வீடியோவிலேயே சொன்னேனே. பிளான் மாறிடுச்சு நண்பர்களே, மனசு சொன்ன வழியில போறேன்னு."

"அந்த மனசு இப்ப ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்திருக்கு சார்."

சிரிப்பு அப்படியே நின்றது. இறக்கி வைக்க இடம் கிடைக்காததுபோல.

இன்ஸ்பெக்டர் மோரைக் கீழே வைத்தார். "கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

"பிரகாஷ் சார் திட்டப்படி போயிருந்தா வழி பூரா மலை இடது பக்கம் வரும். எதிர்ப்பக்கமா போனதால வலது பக்கம் வருது. காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும், ஒரு இடம் விடாம, வலது பக்கம். தருமண்ணே, ஒத்த மலை, சுத்தி ரோடு. உங்க கையில ஸ்டீரிங். எப்படிச் சுத்துவீங்க?"

"இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்கு? மலை நம்ம வலது கைப் பக்கம் இருக்கணும். வலம்னாலே அதானே," என்றான் தருமன். "அவசர வேலையா எந்தப் பக்கமும் போவோம், வருவோம். ஆனா சுத்தறதுன்னு கெளம்பிட்டா மலையை இடது பக்கம் வெச்சு எவனும் சுத்த மாட்டான். கை வராது மேடம். வண்டியே வராது."

"பிரகாஷ் சாரும் இந்த ஊருதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வந்து சில வருஷம்தான். ஒரு பௌர்ணமிக்கும் மலை சுத்தினதில்ல, கூட்டம் ஒத்து வராதுன்னு அவரே ஒரு வீடியோல சொல்லியிருக்கார். அந்தக் காரை ஓட்டினது, பொறந்ததுல இருந்து மலையை வலது பக்கமே பாத்து வளர்ந்த ஒருத்தர். அடி அண்ணாமலைக்காரர். மே மாசம் காசியில குளிருதுன்னு ஸ்வெட்டரோட வந்தவர்."

தருமனின் வாய் திறந்தது. அவனுடைய கணக்கு அதன் வழியாக வெளியே போவது தெரிந்தது.

"அப்ப பிரகாஷ் இங்க வரல. வேடியப்பன் அங்க போயிருக்காரு."

"தலைமறைவு," என்றாள் வேதா. "நியூசிலாந்துல."

"கற்பனை," என்றான் பிரகாஷ். "நல்லா இருக்கு. ஆனா கற்பனை."

"சார், கொஞ்ச நேரம் முன்னாடி உங்க ஸ்டேஷன்லதான் வேடியப்பன் அந்த வீடியோவைப் பாத்தாரு. ரெண்டு பக்கமும் மரம். மலை தெரியல. ஒரு பாலம் வந்துச்சு. அவர் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அதுக்கு அப்புறம்தான் வளைவு வந்துச்சு, மலை வந்துச்சு. அந்தப் பாலம் தாண்டினா மலை வரும்னு, அங்க போகாத ஒருத்தருக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சொறிந்தார். "எனக்குப் புரியுது. ஆனா கோர்ட்ல போய் கன்னத்துல போட்டுக்கிட்டாருன்னு சொன்னா நீதிபதி என் கன்னத்தைப் பாப்பாரு."

"ஏர்போர்ட்ல கேட்டா தெரிஞ்சிடும்."

"தெரியும். பதில் வர நாள் ஆகும். மத்தியானம் அதுக்கு முன்னாடியே வந்துடும்."

"அவனையே கேளுங்களேன்," என்றான் பிரகாஷ், கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தபடி. "என்கூட வந்தானான்னு. அவன் சொல்ல மாட்டான்."

வெளியே டாக்ஸிக்காரன் கொட்டாவி விடுவது கேட்டது.

"வரலன்னு சொல்லுவான்னு நீங்க சொல்லல," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "சொல்ல மாட்டான்னு சொல்றீங்க."

"சார், வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதீங்க. அந்தக் காரை ஓட்டினது நான். ஒவ்வொரு கிலோமீட்டரும் நான். தனியா. அதுதான் என் பேரு, என் தொழில், என் வீட்டுச் சுவர்ல எழுதியிருக்கறது."

வேதா எழுந்து போர்ட்டிகோவுக்கு நடந்தாள். ஒற்றைக் கண் காரின் மேல் கை வைத்தாள்.

"நல்லது சார். இன்ஸ்பெக்டர் சாருக்கு இந்த வண்டியை இன்னொரு தடவை பாக்கணும். இல்லையா சார்?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவளுடைய முகத்தில் ஒன்றும் இல்லை. இருந்தும் புரிந்துகொண்டார். நல்ல டீ குடித்துப் பழகியவர்.

"ஆமா. கேட் வரைக்கும் எடுங்க சார். வெளிச்சத்துல பாக்கறேன்."

"டாக்ஸி டிரைவர் எடுப்பான்."

"அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? தூங்கறாரு."

"நம்ம ஊர் வண்டியெல்லாம் எனக்கு ஒத்து வராது. கியர்..."

"கியர் தொல்லையே இல்ல சார்," என்றான் தருமன், ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு. "ஆட்டோமேட்டிக். அங்க ஓட்டின மாதிரியே. ரோடுகூட நமக்கும் அவங்களுக்கும் ஒரே பக்கம்தான். மாடுகூட இருக்கு வெளிய. கொஞ்சம் இளைச்ச மாடு."

கீர்த்தனா ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து கணவனிடம் கொடுத்தாள்.

பிரகாஷ் கதவைத் திறந்தான். உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்கில் போய் இடித்தன. சீட் அவ்வளவு முன்னால் தள்ளிக் கிடந்தது. எப்படியோ மடங்கி உள்ளே போனான். தோல் ஜாக்கெட் முனகியது.

ஒரு பொத்தானை அழுத்தினான். வைப்பர் ஓடியது. மழை இல்லாத கண்ணாடியை அது கடமை தவறாமல் துடைத்தது. இன்னொன்றை அழுத்தினான். மிஞ்சியிருந்த ஒரு ஹெட்லைட் எரிந்தது. ஸ்டார்ட் பொத்தானை மூன்றாவதாகக் கண்டுபிடித்தான். அழுத்தினான். என்ஜின் பேசவில்லை. மறுபடி அழுத்தினான்.

"பிரேக்கை மிதிச்சுட்டு அழுத்தணும் சார்," என்றான் தருமன் அன்பாக.

"தெரியும்."

சொல்லிவிட்டு பிரகாஷ் கீழே குனிந்தான். காலடியில் இருந்த இரண்டு பெடல்களையும் பார்த்தான். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்த்தான். மறுபடி முதலாவதைப் பார்த்தான். எது எது என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை.

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஓட்டத் தெரியாது," என்றான் பிரகாஷ், கண்ணாடிக்கு.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "எப்ப இருந்து?"

"எப்பவுமே. முதல் டிரிப்புல ஒரு சிநேகிதன் ஓட்டினான். வீடியோ நல்லா போச்சு. அப்புறம் நிறுத்த முடியல. வேடியப்பன் பேசாத ஆளு. அதான் அவனைக் கூட்டிட்டுப் போனேன். மலையைக் காட்டி யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். இப்படி ஆகும்னு நெனைக்கல. ரெண்டு மாசம்தானேன்னு..."

"ரெண்டு மாசம் உங்களுக்கு," என்றாள் வேதா. "லைசென்ஸ் அவருக்கு."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஸ்டேஷனைக் கூப்பிட்டார். "வேடியப்பனை கோர்ட்டுக்குக் கெளப்ப வேணாம். ஆமா. அவரு சம்சாரத்தையும் உக்காரச் சொல்லு. சாப்பிட்டாரா? மறுசோறு வாங்கிட்டாரா? நல்லது." வைத்துவிட்டு வேதாவைப் பார்த்தார். "டிரைவரும் இல்ல. முதலாளிக்கு ஓட்டவே தெரியாது. அப்ப என் டீக்கடையை இடிச்சது யாரும்மா?"

வேதா காரின் சீட்டைப் பார்த்தாள். முழங்கால் இடித்த ஸ்டீரிங்கைப் பார்த்தாள். பிறகு தூண் பக்கம் திரும்பினாள்.

தூண் ஓரத்தில் கீர்த்தனா இல்லை. அவள் ஏற்கெனவே காரை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"எறங்குங்க," என்றாள் கணவனிடம்.

"கீர்த்தி, நீ எதுக்கு..."

"எறங்குங்க."

அவன் இறங்கினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட் அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. முதலில் வைப்பரை நிறுத்தினாள். பெல்ட் போட்டாள். ஸ்டார்ட் செய்தாள். கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை. ஒற்றைக் கண் கார் போர்ட்டிகோவிலிருந்து பின்பக்கமாகப் புறப்பட்டு, தூணுக்கும் தருமனின் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் வளைந்து, கேட்டைத் தொடாமல், டாக்ஸியைத் தொடாமல், ரோட்டோரத்தில் போய் ஒரே தடவையில் நின்றது.

தருமன் தன்னையறியாமல் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டான்.

கீர்த்தனா என்ஜினை அணைத்தாள். கண்ணாடியை இறக்கினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் நின்றார்.

"இவரு ஒவ்வொரு தடவையும் தனியா போறேன்னு என்னை விட்டுட்டுப் போவாரு. நானும் ஒருநாள் தனியா போகணும்னு ஆசை. அதான் இவரு ஊர்ல இல்லாதப்ப, ரோட்ல ஆள் வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பழகினேன். அன்னிக்கு ஒரு நாய் குறுக்க வந்துச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு பயத்துல நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அன்னிக்கு வேடியப்பண்ணன் எங்க இருந்தாருன்னு அவரே ஒரு வார்த்தை சொன்னா வெளிய வந்துடுவாருன்னு தினமும் காத்துட்டிருந்தேன். அவரு சொல்லவே இல்ல. ஏன் சொல்லலன்னு இப்பதான் தெரியுது."

"இதை இவருகிட்டகூட சொல்லலியாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கீர்த்தனா கண்ணாடி வழியாகக் கணவனைப் பார்த்தாள். அவன் கேட்டுக்குள்ளேயே, சுவரில் இருந்த கிரானைட் பலகைக்குக் கீழே நின்றிருந்தான்.

"வீடியோவுல இவரு ஓட்டறதைப் பாத்துத்தான் சார் எனக்கு ஆசையே வந்துச்சு," என்றாள். "கடைசியில பாத்தா, இந்த வீட்ல தனியா கார் ஓட்டினது நான் ஒருத்திதான்."